ஒய்.பி. அலுவலகமும் உதவியாளரின் கையெழுத்தும்: வாசகர் கேள்வி பதில்

ஒய்.பி. எனப்படும் மக்கள் பிரதிநிதிகளுக்குத் தொகுதிச் செலவுக்காகத் தரப்படும் அரசாங்க ஒதுக்கீட்டுக் கணக்கில் மாட்டிக்கொண்ட உதவியாளர்கள், அவர்களுடைய வீட்டார், அவர்களோடு வியாபாரம் செய்பவர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வணக்கம் ஐயா. மூன்று வருடமாக ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் உதவியாளராக இருக்கிறேன். தீபாவளிக்கு 150 உணவுப் பைகள் கொடுக்க, பை ஒன்று 60 வெள்ளி (ரிங்கிட்) என்று, மாவட்ட அலுவலகம் வழியாக ஒதுக்கீடு வந்தது. கடைக்காரர் 120 பைதான் இறக்கினார். மீதி அடுத்த வாரம் வரும் என்றார். 150 என்று அச்சடித்திருந்த டி.ஓ.வில் (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு) நான் கையெழுத்துப் போட்டு சாப்பும் (முத்திரை) அடித்துவிட்டேன். அந்த 30 பை வரவே இல்லை. இப்போது தணிக்கையில் கேட்கிறார்கள். நான் ஒரு காசு தொடவில்லை. என் நிலைமை என்ன ஐயா?
— வாசகர், பிறை

தம்பி, நீங்கள் காசைத் தொடவில்லை என்பதை நம்புகிறோம். ஆனால் இந்த மாதிரிக் கணக்கில் உதவியாளர் காசைத் தொடுவதே கிடையாது. பணம் போகும் வழியைப் பாருங்கள். ஒய்.பி. பரிந்துரைக்கிறார். மாவட்ட அலுவலகம் சரிபார்த்துக் கடைக்காரர் பேரில் எல்.ஓ. (கொள்முதல் ஆணை) கொடுக்கிறது. கடைக்காரர் சரக்கை இறக்குகிறார். சரக்கு வந்தது என்று சேவை மையம் டி.ஓ.வில் கையெழுத்துப் போடுகிறது. அந்த டி.ஓ.வை இன்வோய்ஸோடு சேர்த்துக் கொடுத்ததும் பணம் நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போய்விடுகிறது. இந்த வரிசையில் சரக்கைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். மாவட்ட அலுவலக அதிகாரி பார்த்தது உங்கள் கையெழுத்தை மட்டுமே. அதனால்தான் முதல் கேள்வி உங்களிடம் வருகிறது.

2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. யாருக்காக வேலை செய்கிறோமோ அவரை ஏமாற்றும் எண்ணத்தோடு, பொய்யான விவரம் உள்ள ரசீதையோ கணக்கையோ வேறு ஆவணத்தையோ பயன்படுத்துவது குற்றம். லஞ்சம் கைமாறியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. தண்டனை 20 ஆண்டு வரை சிறை. அதோடு, பொய்யான விவரத்தின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இரண்டில் எது கூடுதலோ அதற்குக் குறையாத அபராதம். உங்கள் கணக்கில் 30 பை, 1,800 ரிங்கிட். ஐந்து மடங்கு 9,000 ஆகிறது. ஆகவே அபராதம் 10,000 ரிங்கிட்டிலிருந்துதான் தொடங்கும். தொகை சிறியது என்பதால் அபராதமும் சிறியதாக இருக்கும் என்று நினைக்க இடமில்லை.

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் அதே பிரிவிலேயே இருக்கிறது. ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டியாக வேண்டும். கையெழுத்துப் போட்ட அன்று நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதற்கு இன்றைக்கு என்ன சாட்சி இருக்கிறது? "பாக்கி 30 எப்போ வரும் அண்ணே" என்று கடைக்காரருக்கு அனுப்பிய வாட்ஸ்அப், அவர் சொன்ன பதில், பைகள் இறங்கிய அன்று எடுத்த படம், விநியோகப் பட்டியலில் உள்ள 120 பெயர்கள். இவற்றில் எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். ஆவணத்தை அழிப்பது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். அதைவிடப் பெரிய நஷ்டம், உங்களைக் காப்பாற்றக்கூடிய வரியே அதில்தான் இருக்கும்.

இன்னொன்று. இந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் வந்து, "30 பையை இப்போ இறக்கிடறேன், பழைய தேதியே இருக்கட்டும்" என்பார். சம்மதிக்காதீர்கள். கவனக்குறைவாக இருந்த ஒன்று திட்டமிட்ட மோசடியாக மாறும் இடம் அதுதான். இறக்குவதானால் இன்றைய தேதி போட்ட புது டி.ஓ.வோடு, மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு இறக்கட்டும். நீங்களும் இன்றைய தேதியிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எத்தனை வந்தது, எத்தனை வரவில்லை, ஏன் 150க்குக் கையெழுத்துப் போட்டேன், பாக்கியை எந்தெந்தத் தேதிகளில் கேட்டேன். அனுப்புவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவர் அதைப் படிக்கட்டும். அவர் உங்கள் வழக்கறிஞராக இருக்க வேண்டும். ஒய்.பி.யின் வழக்கறிஞர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் வாதாடுவது ஒய்.பி.க்காகத்தான். நாளைக்கு உங்கள் பேச்சும் ஒய்.பி. பேச்சும் ஒத்துப்போகாமல் போனால் உங்கள் பக்கம் பேச அங்கே ஆள் இருக்காது.

இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்காக, சரக்கு குறைந்து வந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். அச்சடித்த 150ஐ ஒரு கோடு போட்டு அடியுங்கள். பக்கத்தில் "120 மட்டும் பெறப்பட்டது, 30 பாக்கி" என்று பேனாவால் எழுதுங்கள். தேதி, நேரம், முழுப்பெயர் எழுதி, லாரிக்காரரின் கையெழுத்தையும் அதே இடத்தில் வாங்குங்கள். டி.ஓ. புத்தகம் கார்பன் நகல் வைத்தது. தாளைக் கிழிப்பதற்கு முன்பே எழுதினால்தான் எல்லா நகலிலும் விழும். கிழித்த பிறகு உங்கள் நகலில் மட்டும் எழுதிக்கொண்டால், பின்னால் நீங்களாகச் சேர்த்தது என்பார்கள். அப்புறம் ஐந்தாறு பையைப் பிரித்துப் பாருங்கள். பட்டியலில் 5 கிலோ அரிசி என்று இருக்கும், பையில் 2 கிலோ இருக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தும் எடையில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பட்டியலும் பையில் இருந்த பொருளும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துவையுங்கள்.

என் மகன் ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் செயலாளர். சாட்சியாக வரச் சொல்லி எஸ்.பி.ஆர்.எம்.மிலிருந்து (ஊழல் தடுப்பு ஆணையம்) கடிதம் வந்திருக்கிறது. "சாட்சிதானேம்மா, பேசிட்டு வந்துடறேன்" என்கிறான். எனக்குத் தூக்கமே இல்லை. அவன் போகத்தான் வேண்டுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
— ஒரு தாய், சுங்கை ஆரா

அம்மா, போகத்தான் வேண்டும். அந்தக் கடிதம் பெரும்பாலும் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவின் கீழ் வரும் உத்தரவு. அதை மீறினால் அதுவே தனி வழக்காகும். விசாரணை ஒரே நாளில் முடியாவிட்டால் தொடர்ந்து வர வேண்டும் என்று சொல்லவும் அந்தப் பிரிவில் இடம் உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்றும் அதில் இருக்கிறது. "இதைச் சொன்னால் என் மேலேயே குற்றம் திரும்பும்" என்ற காரணத்தைக் காட்டிப் பதில் சொல்ல மறுக்க முடியாது. தெரிந்ததை உண்மையாகச் சொல்லியாக வேண்டும். வேண்டுமென்றே பொய் சொன்னால் 27ஆம் பிரிவு பாயும். ஆகவே மகன் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டியது போய்வந்த பிறகு அல்ல, போவதற்கு முன்பு. சாட்சியாக உள்ளே போனவர் சந்தேகத்துக்குரியவராக மாறுவது நடக்கிற விஷயம்தான்.

கொண்டுபோக வேண்டியவை: அழைப்புக் கடிதம், ஐ.சி. (அடையாள அட்டை), கடிதத்தில் கேட்டிருக்கும் ஆவணங்கள். அசலைக் கேட்டிருந்தால் முதல் நாள் இரவே முழு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் பென்சிலால் எண் போட்டு, எந்த எண்ணில் என்ன ஆவணம் என்று ஒரு பக்கப் பட்டியல் எழுதி, ஒப்படைக்கும்போது பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். போனையோ கணினியையோ எடுத்துக்கொண்டால் அதற்கும் பட்டியல் உண்டு, அதன் நகல் மகனுக்குக் கிடைக்க வேண்டும். மருந்து சாப்பிடுகிறவரானால் மருந்தும் மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும். வழக்கறிஞர் எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். போனை வாங்கிக்கொண்டால் யாருடைய எண்ணும் நினைவுக்கு வராது. வழக்கறிஞர் உடன் போகட்டும். ஆனால் விசாரணை அறைக்குள்ளும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணிப் போக வேண்டாம்.

வாக்குமூலத்தை எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்குவார்கள். மகன் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு பக்கத்தையும் தானே படிக்கட்டும். "எனக்கு நினைவில்லை" என்று சொன்னது "எனக்குத் தெரியாது" என்று எழுதப்பட்டிருந்தால் திருத்தச் சொல்லட்டும். இரண்டும் ஒன்றல்ல. பின்னால் ஏதாவது நினைவுக்கு வந்தால் முதலாவதோடு அது முரண்படாது, இரண்டாவதோடு முரண்படும். திருத்திய இடத்தில் சிறுகையெழுத்துப் போட வேண்டும். மலாயில் தடுமாற்றம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொகை, தேதி, எண்ணிக்கை கேட்டால் ஊகித்துச் சொல்ல வேண்டாம். "ஆவணத்தைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பது உண்மையான பதில்தான். உள்ளே போன நேரம், இடைவேளை, சாப்பாடு, வெளியே வந்த நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவைக்கட்டும்.

ஒருவேளை கைது செய்தால், காரணத்தைச் சொல்ல வேண்டும், தாம் விரும்பும் வழக்கறிஞரோடு கலந்துபேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை மூன்றும் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு தரும் உரிமைகள். 14 ஆண்டோ அதற்கு மேலோ சிறை உள்ள குற்றத்தின் விசாரணையில் தடுப்புக்காவல் முதலில் 7 நாள் வரை, பிறகு மேலும் 7 நாள் வரை போகலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். தடுப்புக்காவல் மனுவுக்கும் அவர்கள் ஆள் அனுப்புகிறார்கள்.

உங்கள் பயத்தை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை அம்மா. இந்த நாட்டில் அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2009 ஜூலையில் சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினர் இயான் யோங் ஹியான் வாவின் அரசியல் செயலாளர் தியோ பெங் ஹோக், சாட்சியாகத்தான் ஷா ஆலாம் பிளாசா மசாலாமின் 14ஆவது மாடியில் இருந்த ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்துக்குப் போனார். தொகுதி ஒதுக்கீட்டில் சுதந்திர தின நிகழ்ச்சிக்காகச் செலவான 2,400 ரிங்கிட் பற்றிய விசாரணை அது. இரவெல்லாம் அங்கே இருந்தார். ஜூலை 16ஆம் தேதி அதே கட்டடத்தின் ஐந்தாவது மாடிப் பகுதியில் சடலமாகக் கிடந்தார். வயது 30. 2011 ஜனவரியில் மரண விசாரணை நீதிமன்றம் முடிவு எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அதே ஆண்டு ஜூலையில் அரச விசாரணை ஆணையம், அதிகாரிகளின் கடுமையான விசாரணை முறையால் அவர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார் என்றது. குடும்பம் அதை ஏற்கவில்லை. 2014 செப்டம்பர் 5ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் மரண விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தள்ளிவிட்டு, அவரைக் கைது செய்து விசாரித்த அதிகாரிகள் உட்பட, அடையாளம் தெரியாத நபர் அல்லது நபர்களின் சட்டவிரோதச் செயலால் நேர்ந்த மரணம் அது என்று தீர்ப்பளித்தது. 2,400 ரிங்கிட் கணக்குக்காக ஒரு பிள்ளையின் உயிர் போனது. இன்றைக்கும் அதை எழுதும்போது மனம் ஆறவில்லை.

ஆகவே இதைச் செய்யுங்கள். மகன் உள்ளே போனதும் வழக்கறிஞரும் குடும்பத்தில் ஒருவரும் வெளியே காத்திருக்கட்டும். மாலை வேலை நேரம் முடிந்தும் வரவில்லையென்றால் வழக்கறிஞர் முகப்பில் போய், "அவர் இன்னும் சாட்சியா, கைதானவரா?" என்று கேட்கட்டும். என்ன பதில் வந்தாலும் நேரத்தோடு எழுதிவைக்கட்டும். சாட்சி என்றால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லி வீட்டுக்குக் கூட்டிவர அனுமதி கேட்கலாம். கைது என்றால் 24 மணி நேரக் கணக்கு தொடங்கிவிட்டது என்று பொருள்.

நான் அரசாங்க ஊழியர் இல்லை, கட்சிக்காரன். ஒய்.பி.தான் என்னை வேலைக்கு வைத்தார். அரசாங்க ஊழியருக்கான சட்டம் எனக்கு எப்படிப் பொருந்தும்?
— வாசகர், பட்டர்வொர்த்

சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் தம்பி. பொதுப் பணத்திலிருந்து ஊதியம் பெறும் எவரும் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் பார்வையில் பொது அமைப்பின் அதிகாரிதான். 18ஆம் பிரிவைப் பொறுத்தவரை அதுகூடத் தேவையில்லை. ஒருவருக்காக வேலை செய்பவர் என்றாலே போதும்.

"ஒய்.பி. சொன்னார், நான் செய்தேன்" என்று சொன்னால் தப்பிக்க முடியுமா?
— வாசகி, நிபோங் திபால்

முடியாது. உடந்தையாக இருப்பதும் சதியில் சேர்வதும் அதே தண்டனைக்குரிய குற்றம். ஆனால் யார் சொன்னார் என்பது தண்டனையின் அளவுக்கும், உங்கள் மேல் வழக்குப் போடுவதா உங்களைச் சாட்சியாக்குவதா என்ற முடிவுக்கும் முக்கியம். வாய்வார்த்தையாகச் சொன்னால், "நீங்கள் சொன்னபடி இதை இப்படிச் செய்கிறேன், சரியா ஒய்.பி.?" என்று உடனே ஒரு செய்தி அனுப்புங்கள் தங்கச்சி. நேர்மையான விஷயம் என்றால் "சரி" என்று பதில் வரும். பதில் வராமல் போன் அடித்தால், அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

தொகுதி வேலைக்கு என் சொந்தக் காரில் அலைகிறேன். எண்ணெய், டோல், பார்க்கிங் கிளேம் போடுகிறேன். இந்தச் சின்ன விஷயத்தில் என்ன தப்பு வரும்?
— வாசகர், செபராங் ஜெயா

நிறைய வரும். பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போதுதான் டோல், திரும்பி வரும்போது இல்லை. தீவில் உள்ள கொம்தாருக்குப் போய்வந்த கிளேமில் டோலை இரண்டு முறை எழுதியிருந்தால் கணக்காளர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். 2019 ஜனவரியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பாலத்தில் டோலே கிடையாது. பழைய கிளேம் படிவத்தை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையின் கணக்கறிக்கையை மாதாமாதம் இறக்கி, தொகுதி வேலைக்கான பயணங்களை மட்டும் குறித்து, பக்கத்தில் எந்த நிகழ்ச்சி, எந்த இடம் என்று எழுதி இணையுங்கள். ஓட்டிய தூரத்துக்குக் காசு வாங்கினால் அதே பயணத்துக்கு எண்ணெய் ரசீதையும் வைக்காதீர்கள். தூரத்துக்கான தொகையில் எண்ணெய் அடங்கிவிடுகிறது, இரண்டும் வைத்தால் ஒரே செலவை இருமுறை கேட்டதாகிவிடும். எண்ணெய் நிலைய ரசீது வெப்பத்தாளில் அச்சாவது. காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைத்தால் சீக்கிரமே எழுத்து வெளிறிவிடும். அன்றைக்கே நகல் எடுத்து, அசலை நகலோடு சேர்த்துப் பின் அடியுங்கள்.

ஜார்ஜ்டவுனில் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். ஓர் அரசியல்வாதியின் உதவியாளர் எனக்குப் பழக்கம். "வெறும் இன்வோய்ஸ் பத்துத் தாள் சாப்பு அடித்துக் கொடுங்க அண்ணே, நான் நிரப்பிக்கிறேன். தாளுக்கு 50 வெள்ளி" என்கிறார். கொடுத்தால் எனக்கு என்ன வந்துவிடும்?
— வாசகர், ஜார்ஜ்டவுன்

கொடுக்காதீர்கள். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18ஆம் பிரிவு ஆவணத்தைப் பயன்படுத்துபவரை மட்டும் அல்ல, அதை அவருக்குக் கொடுப்பவரையும் பிடிக்கும். இரண்டு பேருக்கும் தண்டனை ஒன்றுதான்.

அந்த 50 வெள்ளியும் சும்மா விடாது. சட்டத்துக்குப் புறம்பாக ஒரு பலன் உங்களுக்குக் கொடுக்கப்பட்டாலோ, தருவதாகச் சொல்லப்பட்டாலோ, அருகிலுள்ள ஆணைய அதிகாரியிடமோ போலீசிடமோ தெரிவிப்பது 25ஆம் பிரிவின்படி உங்கள் கடமை. நியாயமான காரணம் இல்லாமல் மறைத்தால் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், பத்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வாங்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்பதோடு கடமை முடிவதில்லை.

வெற்று இன்வோய்ஸ் எப்படி வெளிவருகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் புத்தகத்தில் வரிசை எண் இருக்கிறது. எண் 0451 மார்ச்சில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் போயிருக்கும், 0452 செப்டம்பரில் "பேனர் 40" என்று மாவட்ட அலுவலகக் கோப்பில் இருக்கும், 0453 மறுபடியும் மார்ச்சில் இருக்கும். நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் அந்த ஒரு தேதி போதும். அடுத்ததாகக் கேட்பது, 40 பேனர் அடிக்க வாங்கிய துணியும் மையும் உங்கள் கொள்முதல் கணக்கில் எங்கே என்று. வருமான வரிச் சட்டப்படி வியாபாரப் பதிவுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஆகவே "புத்தகம் இல்லை" என்பதும் பதிலாகாது. உங்கள் கணக்குக்கு வராத வருமானத்துக்கு உங்கள் பேரில் இன்வோய்ஸ் இருந்தால் வரி அதிகாரிகளின் கேள்வி தனியாக வரும்.

உங்கள் கடை சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனமாக இருந்து, வேலை பிடிக்க உங்கள் ஆள் யாராவது உதவியாளருக்குக் "கமிஷன்" கொடுத்தால், 2020 ஜூன் முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ள, அதே சட்டத்தின் 17ஏ பிரிவின்படி நிறுவனமே குற்றவாளி ஆகலாம். இயக்குநராக நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒய்.பி. நடத்தும் நிகழ்ச்சிக்கு ஆதரவாளர்கள் கொடுக்கும் பணத்தை என் சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். நானும் செலவுக்கு எடுத்துக் கொடுக்கிறேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது போதாதா?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

போதாது தங்கச்சி. இந்தக் கடிதங்களில் எங்களை மிகவும் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான். உங்கள் கணக்கில் விழும் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கொடுத்தவர் குத்தகை (ஒப்பந்த வேலை) பிடிப்பதற்காகக் கொடுத்திருந்தால் அது லஞ்சப் பணம். அதை உங்கள் கணக்கு வழியாக நகர்த்தியதற்குப் பணமோசடித் தடுப்புச் சட்டம் வரும். அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் 15 ஆண்டு வரை சிறை, தொகையின் ஐந்து மடங்கு அல்லது 50 லட்சம் ரிங்கிட், எது கூடுதலோ அதற்குக் குறையாத அபராதம். விசாரணை தொடங்கியதும் கணக்கு முடக்கப்படும். உங்கள் சம்பளமும் வீட்டுக் கடன் தவணையும் அதே கணக்கில் இருந்தால் அடுத்த மாதமே வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டமாகிவிடும்.

இன்றே செய்ய வேண்டியது இது. இனி ஒரு வெள்ளிகூட அந்தக் கணக்கில் வாங்க மாட்டேன் என்று எழுத்தில் சொல்லுங்கள். சம்பளத்தை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். பழைய கணக்கை மூடாதீர்கள், மீதியை அவசரமாக வேறெங்கும் அனுப்பவும் வேண்டாம், அது மறைக்கப் பார்த்ததுபோல் தெரியும். முதல் வரவு விழுந்த மாதத்திலிருந்து வங்கிக் கணக்கறிக்கையை வாங்கி, ஒவ்வொரு வரவுக்கும் எதிரே யார் கொடுத்தது, யார் சொல்லி வந்தது, எதற்குப் போனது என்று எழுதுங்கள். உங்கள் நோட்டு அப்போதுதான் உதவும். வங்கி வரவோடு ஒத்துப்போகாத வரிகளை மறைக்காமல் தனியாகக் குறியுங்கள். இத்தனையையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். நோட்டில் பழைய தேதிக்குப் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். மாதக்கணக்கில் எழுதியதாகச் சொல்வதை ஒரே உட்காரலில் எழுதியிருந்தால் மையும் எழுத்தும் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிநாட்டில் இதெல்லாம் நடப்பதில்லையே? அங்கே ஒழுங்காக இருக்கிறார்களே?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

நடக்கிறது. 2009 மே மாதம் பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் பத்திரிகையில் வெளியாகி நாடே கொந்தளித்தது. ஜிம் டெவைன் என்ற உறுப்பினர், சுத்தம் செய்ததாகவும் அச்சடித்ததாகவும் போலி இன்வோய்ஸ் கொடுத்ததற்காக 2011இல் 16 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் தம் அலுவலக மேலாளர் மேல் பழியைப் போட்டார். வேலையிலிருந்து நீக்கப்பட்ட அந்தப் பெண், நீக்கம் முறையற்றது என்று வேலைத் தீர்ப்பாயத்தில் வாதாடி வென்றார். அங்கே அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். உறுப்பினர்களின் செலவுக் கோரிக்கைகளை அவர்களே பார்த்துக்கொள்ளும் முறை போய், 2010இலிருந்து தனி அமைப்பு ஒன்று சரிபார்க்கிறது, கணக்குகளைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கிறது. நம் தொகுதி ஒதுக்கீட்டுக் கணக்குகளையும் இப்படி வரிவரியாக வெளியிட்டால், பாதிக் கேள்விகள் இந்தப் பக்கத்துக்கு வந்தே இருக்காது என்பது எங்கள் உறுதியான கருத்து.

என் மேலதிகாரி போலிக் கணக்கு எழுதுவது எனக்குத் தெரியும். முகநூலில் போட்டுவிடலாமா, கட்சித் தலைமைக்கு எழுதவா?
— பெயர் வேண்டாம், பாயான் பாரு

இரண்டும் வேண்டாம். 2010ஆம் ஆண்டு தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க அமைப்பிடம் நேராகச் சொல்பவருக்குத்தான் பாதுகாப்பு தருகிறது: ஊழல் தடுப்பு ஆணையம், போலீஸ் போன்றவை. முகநூலில் போட்டாலோ கட்சித் தலைவரிடம் மட்டும் சொன்னாலோ அந்தப் பாதுகாப்பு கிடையாது, அவதூறு வழக்குதான் வரும். முறையாகச் சொன்னால் உங்கள் அடையாளம் ரகசியமாக இருக்கும், அதற்காக உங்கள் மேல் வழக்குத் தொடுக்கவோ வேலையில் பழிவாங்கவோ முடியாது. அந்தப் போலிக் கணக்கில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவற்றில் தாமே பங்கெடுத்தவர் அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. கையெழுத்து இருந்தால் வழக்கறிஞரோடு போங்கள்.

புகாரில் "அவர் ஊழல்வாதி" என்று எழுதுவதால் பயனில்லை. எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, எந்த இன்வோய்ஸ் எண், அதில் எவ்வளவு, உண்மையில் எவ்வளவு, அந்த வித்தியாசம் உங்களுக்கு எப்படித் தெரியும், வேறு யார் பார்த்தார்கள். ஒரே ஒரு இன்வோய்ஸ் பற்றி இத்தனையும் தெளிவாக இருந்தால் அதுவே விசாரணையைத் தொடங்கப் போதும். அலுவலகக் கோப்பை வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். அது எங்கே, எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொன்னால் அதிகாரிகள் போய் எடுப்பார்கள். ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1-800-88-6000. நேரில் போவதானால் மாநில அலுவலகத்துக்கோ புத்ராஜெயா தலைமையகத்துக்கோ போகலாம். புகாரைப் பதிந்ததும் அதன் எண்ணையும் பெற்றுக்கொண்ட அதிகாரியின் பெயரையும் கேட்டு வாங்கி, அலுவலகப் போனில் அல்லாமல் வீட்டில் உள்ள ஒரு தாளில் எழுதிவையுங்கள்.